தொழிற்சாலை மிச்சம் வைத்த வேலை

சென்னையை ஒட்டிய மாங்காட்டில் வாடகை வீடு மாற்றுகிறவர்களின் குட்டியானை வண்டியைச் சற்று நின்று பார்த்தால் ஒரு வரிசை புலப்படும். பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ் முதலில் ஏறும். அடுத்து அண்டா, குடம், துணி மூட்டை. எல்லாம் ஏறிக் கயிறும் கட்டிய பிறகு வீட்டுக்குள்ளிருந்து ஒரு கறுப்பு ரெக்சின் பை வரும். உள்ளே கிட்டார். வண்டியில் இடம் இருக்காது; டிரைவர் பக்கத்து சீட்டில் யாராவது மடியில் வைத்துக்கொண்டு போவார்கள். புது வீட்டில் அது நேராகப் பீரோவின் மேல் ஏறிவிடும்.

பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ முடிந்த லீவில் வாங்கிய கிட்டார். விலை 3,000 முதல் 6,000 ரூபாய்க்குள் இருக்கும். போரூர் ஐ.டி. வளாகங்களுக்கும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கும் நடுவில் வீடு தேடி வந்தவர்களால் பெருத்த ஊர் இது. காமாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிய பேரூராட்சி 2021-ல் நகராட்சியானது. பிள்ளைகளுக்குக் கராத்தே, கீபோர்டு, கிட்டார் என்று ஏதாவதொரு வகுப்புக்குப் பணம் கட்டும் வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. ஏன் நிறுத்தினாய் என்று கேட்டால் வரும் பதிலும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: “விரல் வலிக்குது. எஃப் கார்டு வரவே மாட்டேங்குது.” அப்பா அதற்கு ‘ஆர்வக் கோளாறு’ என்று பெயர் வைத்து முடித்துவிடுவார்.

அப்பா சொல்வது தவறு என்று நிரூபிக்க ஒரு சோதனை போதும். பீரோ மேலிருந்து கிட்டாரை இறக்கி, தந்தியை மூன்றாவது ஃப்ரெட்டில், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த மூன்றாவது உலோகப் பட்டையில், அழுத்துங்கள். இப்போது முதல் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி? நன்றாகச் சீர்செய்த கிட்டாரில் ஒரு தாள் நுழைகிற அளவுதான் இருக்கும். மலிவுக் கிட்டாரில் பல சமயம் தடித்த அட்டையே நுழைந்துவிடும். கழுத்தின் முனையில் தந்திகளைத் தாங்கும் சிறு வெள்ளைத் துண்டுக்கு நட் என்று பெயர். அதன் பள்ளங்களை ஆழமாக அறுக்காமல் விட்டிருக்கிறார்கள். அதனால் முதல் இரண்டு ஃப்ரெட்களில், ஆரம்பப் பாடங்கள் அத்தனையும் நடக்கிற அந்த இடத்தில், தந்தியை அழுத்த இரட்டிப்பு பலம் வேண்டியிருக்கிறது. போதாததற்கு, அவ்வளவு தூரம் இழுபட்ட தந்தி சுருதி ஏறி ஒலிக்கும். ட்யூனர் செயலியில் ஆறு தந்தியும் பச்சை விளக்கு காட்டும். பல தந்திகளைச் சேர்த்துக் கார்டு பிடித்தால் அபசுரம் வரும். பதினைந்து வயதுப் பிள்ளை தன் காதையும் கையையும் சந்தேகப்படாமல் வேறு என்ன செய்யும்?

நட்டின் பள்ளத்தை அரைக்கால் மில்லிமீட்டர் இறக்குவது அரை மணி நேர வேலை. அதைத் தொழிற்சாலை ஏன் செய்யவில்லை என்பதில்தான் மலிவுக் கிட்டாரைச் சீர்செய்யும் பொழுதுபோக்கின் கதையே இருக்கிறது.

மெஷினுக்கு மலிவு, கைக்கு விலை

ஒரு தலைமுறைக்கு முன் நம் ஊரில் மலிவுக் கிட்டார் என்றால் கொல்கத்தாவிலிருந்து வந்தது. கிவ்சன், ஹோப்னர் என்ற பெயர்களைக் கல்லூரி ஆண்டுவிழா மேடை ஏறிய நடுவயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவற்றில் ஃப்ரெட் இடைவெளியே சில சமயம் கணக்குத் தவறியிருக்கும். அந்தக் கோளாறை எந்த வைத்தியராலும் தீர்க்க முடியாது. ஒவ்வொரு ஃப்ரெட்டும், முந்தையதிலிருந்து தந்தியின் மறுமுனையைத் தாங்கும் பாலம் (பிரிட்ஜ்) வரை மிச்சமிருக்கும் நீளத்தை 17.817-ஆல் வகுத்து வரும் தூரத்தில் உட்கார வேண்டும். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் அந்த ஸ்வரம் ஆயுசுக்கும் பிசகியதுதான்.

இன்று அந்தக் கவலை இல்லை. சி.என்.சி. இயந்திரம் ஃப்ரெட் பள்ளங்களை அச்சு அசலாக அறுத்துவிடுகிறது. சீனாவின் குய்சோ மாகாணத்தில் செங்ஆன் என்ற மலைப்பாங்கான மாவட்டம் கிட்டார் ஆலைகளாலேயே பிழைக்கிறது. அங்கிருந்து ஆண்டுக்கு லட்சக்கணக்கில் கிட்டார்கள் போகின்றன. நம் பக்கத்திலும் யமஹா, சென்னைக்கு அருகே அமைத்த ஆலையில் 2019 முதல் கீபோர்டோடு அக்கூஸ்டிக் கிட்டாரும் செய்கிறது. மெஷின் செய்யும் வேலை இப்படி மலிந்துபோனதால் 5,000 ரூபாய்க் கிட்டாரின் எலும்புக்கூடு இன்று மோசமில்லை.

மலியாதது கைவேலை. நட் அறுப்பது, ஃப்ரெட்களின் தலையைச் சமமட்டம் ஆக்குவது, அவற்றின் ஓரங்களை வழவழப்பாக்குவது, பாலத்தில் தந்தி உட்காரும் சாடிலின் உயரத்தைக் குறைப்பது: இவற்றுக்கு ஒவ்வொரு கிட்டாரையும் ஓர் ஆள் மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். 50,000 ரூபாய்க் கிட்டாரில் அந்தக் கூலி விலைக்குள் அடங்கிவிடும். 5,000 ரூபாயில் அடங்காது. ஆகவே தொழிற்சாலை அதை விட்டுவிடுகிறது. பீரோ மேல் கிடப்பதை மட்டமான கிட்டார் என்று சொல்வதைவிட முடிக்கப்படாத கிட்டார் என்று சொல்வது நியாயம்.

புதிதாக இறங்குகிறவர்கள் செய்யும் வரிசைப் பிழையும் இங்கேதான். யூடியூபில் யாரோ ஒருவர் கிட்டாரை நீலமும் வெள்ளியுமாக மாற்றுவதைப் பார்த்துவிட்டு முதலில் பெயிண்ட் டப்பா வாங்கப் போகிறார்கள். பளபளவென்று நீலத்தில் மின்னும். எஃப் கார்டு அப்போதும் வராது. முதலில் அரம், கடைசியில் பெயிண்ட் என்பது என் கட்சி.

டிப் கிளீனரும் கண்ணாடித் துண்டும்

நட் அறுக்கத் தனி அரங்கள் உண்டு. தந்திக்கு ஒன்றாக ஆறு அரம். வெளிநாட்டுச் செட்டின் விலை கிட்டாரின் விலையைத் தாண்டும். அதற்கு மாற்று பாடியிலும் அம்பத்தூரிலும் வெல்டிங் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் தொங்குகிறது: கேஸ் வெல்டிங் நாசிலின் துளையைச் சுத்தம் செய்யும் டிப் கிளீனர். பேனாக்கத்தி போல மடக்கும் தகரப் பெட்டிக்குள் பல தடிமனில் வரிவரியான உருண்டைக் கம்பிகள். கிட்டாரின் மெல்லிய தந்தி முதல் தடித்த தந்தி வரைக்கும் ஏறக்குறைய பொருந்தும் கம்பிகள் அதில் இருக்கின்றன. உலகம் முழுக்கப் பல வீட்டுப் பட்டறைக்காரர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். நமக்கு உள்ள வசதி, கடைக்காரரிடம் பெயர் சொன்னால் போதும், எதற்கென்று அவர் கேட்கமாட்டார்.

1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கிய நாளிலிருந்து இந்த மேற்குப் புறநகர் இரும்போடு வாழும் ஊர். அம்பத்தூர் எஸ்டேட், ஆவடி டாங்கித் தொழிற்சாலை, பாடியின் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா என்று வேலைக்குப் போனவர்களின் வீடுகளில் இன்றைக்கும் ஒரு வெர்னியர் காலிப்பரும் ஃபீலர் கேஜும் கிடைக்கும். ரிட்டயர்டு டூல் ரூம் தாத்தா ஒருவர் தெருவில் இருந்தால் அவரிடம் போய் உட்காருங்கள். ‘பத்தில் ஒரு மில்லி’ என்பதை உடனே புரிந்துகொள்ளும் ஆள் அவர்தான்.

வேலை வரிசையைச் சொல்கிறேன். முதலில் கழுத்து. அதற்குள் ஓடும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடுக்கு ஆலன் கீ போட வழி இருக்கும். முதல் ஃப்ரெட்டையும் பதினான்காவதையும் ஒரே தந்தியில் அழுத்திக்கொண்டு, நடுவில் ஏழாவது ஃப்ரெட்டின் மேல் விசிட்டிங் கார்டு தடிமனுக்கு, அதாவது 0.2 அல்லது 0.3 மி.மீ., சந்து இருக்கிறதா பார்க்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் வலஞ்சுழியாகக் கால் சுற்று. கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம். மரம் இடம்கொடுக்க நேரம் எடுக்கும்.

அடுத்து நட்: டிப் கிளீனரால் பள்ளத்தை இறக்கி, முன்பு சொன்ன தாள் அளவு இடைவெளி வந்ததும் நிறுத்துங்கள். அதன் பிறகு சாடில். அக்கூஸ்டிக்கில் இது வெறுமனே பள்ளத்தில் செருகிய பிளாஸ்டிக் துண்டு, பிடுங்கினால் வந்துவிடும். பன்னிரண்டாவது ஃப்ரெட் தந்தியின் சரிபாதியில் இருப்பதால், அங்கே 1 மி.மீ. இறங்க வேண்டுமென்றால் சாடிலில் 2 மி.மீ. எடுக்க வேண்டும். மேலே வளைவு இருப்பதால் அடிப்பக்கத்தைத்தான் தேய்க்க வேண்டும். கண்ணாடிக் கடையில் வெட்டிப்போட்ட துண்டு ஒன்றை வாங்கி அதன்மேல் வாட்டர் பேப்பரை ஒட்டிக்கொண்டால் அதைவிடச் சமமான தளம் வேறு கிடைக்காது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த தந்திக்கு 2.5 மி.மீ., மெல்லியதற்கு 2 மி.மீ. வந்ததும் நிறுத்துங்கள். இன்னும் இறக்கலாமே என்று கை துறுதுறுக்கும். இறக்கினால் தந்தி ஃப்ரெட்டில் பட்டு ‘ஸ்ஸ்ர்ர்’ என்று அடிக்கும்.

ஃப்ரெட் சமன்செய்வது மட்டும் கொஞ்சம் நெஞ்சுரம் கேட்கும் வேலை. எல்லா ஃப்ரெட்டின் தலையிலும் மார்க்கர் மையைப் பூசி, நேரான அலுமினியப் பட்டையின் அடியில் மெல்லிய வாட்டர் பேப்பரை ஒட்டி, கழுத்தின் நீளவாக்கில் மெல்லத் தேய்க்க வேண்டும். உயரமான ஃப்ரெட்டில் மை முதலில் அழியும். எல்லாவற்றிலும் அழிந்த கணம் நிறுத்திவிட்டு, தட்டையான தலைகளைச் சிறு அரத்தால் மறுபடி உருட்டிவிட வேண்டும். எடுத்த உலோகம் திரும்பி ஒட்டாது என்பதால்தான் இதை முதல் வேலையாகச் செய்யக்கூடாது.

வீணை செய்கிறவர்கள் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்தார்கள். வீணையின் இருபத்துநான்கு மெட்டுகளும் மரத்தில் அடிக்கப்பட்டவை இல்லை. தேன்மெழுகும் கரியும் கலந்த கறுப்பு மெழுகின் மேல் உட்கார்ந்தவை. மேளம் கட்டுவது என்று அதற்குப் பெயர். வெயிலில் மெழுகு இளகி மெட்டு அசைந்தால் ஆளைக் கூப்பிட்டுத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம். பழுது வரும், பழுது பார்க்க ஆள் வருவார் என்பது கருவியின் அமைப்பிலேயே இருக்கிறது. கிட்டார் வாங்கும் வீடுகளுக்கு இந்தப் பழக்கம் வரவில்லை. செட்டப் என்று ஒரு வேலை இருப்பதே தெரியாமல் வாங்கி, தெரியாமலே விற்றுவிடுகிறார்கள்.

“எந்த வண்டி?”

இப்போது பெயிண்டுக்கு வரலாம். குன்றத்தூர் சாலையிலும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் டூவீலர் டிங்கரிங்-பெயிண்டிங் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே கிட்டாரைக் கொண்டுபோனால் பேச்சு இப்படித்தான் போகும்.

“அண்ணே, ஒரு பெயிண்ட் வேலை இருக்குண்ணே.”

“எந்த வண்டி?”

“வண்டி இல்லண்ணே. கிட்டாரு.”

அவர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்து, விரலால் தட்டி, “மரமா, ஒட்டுப்பலகையா? அடியில என்ன பெயிண்ட்டு இருக்குன்னு தெரியாம மேல அடிச்சா சுருண்டுக்கும் தம்பி” என்பார். டாங்க்கும் பேனலும் மட்டுமே பார்த்தவரின் இந்த ஒரு வாக்கியம், வெளிநாட்டு நிபுணர்களின் ஒரு மணி நேர வீடியோவுக்குச் சமம்.

அடியில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க, எலெக்ட்ரிக் கிட்டாரில் கழுத்தைக் கழற்றினால் தெரியும் குழியில் தின்னர் நனைத்த பஞ்சை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். இளகி ஒட்டினால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) அல்லது அக்ரிலிக். ஒன்றுமே ஆகாவிட்டால் பாலியெஸ்டர் அல்லது பி.யூ. (பாலியூரித்தேன்). மலிவு எலெக்ட்ரிக் கிட்டார்களில் பெரும்பாலும் பாலியெஸ்டர்தான். கண்ணாடிபோல் கெட்டி, தடிமனும் அதிகம். அதை வாட்டர் பேப்பரால் தேய்த்தே எடுத்துவிடலாம் என்று நினைப்பவர் வாரக்கணக்கில் தேய்ப்பார். ஹீட் கன் காட்டி, இளகும் இடத்தில் பட்டித் தகடு நுழைத்துப் பாளம் பாளமாகப் பெயர்க்கலாம். அதைவிடச் சுலபம், பெயர்க்காமலே விடுவது. பழைய பூச்சைச் சொரசொரப்பாக்கி, பள்ளத்தில் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, அதன்மேல் நிறம் ஏற்றலாம். அடியில் அழகான மர ரேகை இருக்கும் என்று ஆசைப்பட்டு உரிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: ஒரே நிறத்தில் கனமாகப் பெயிண்ட் அடித்த மலிவு உடலுக்குள் பல சமயம் இருப்பது மூன்று நான்கு துண்டுகளாக ஒட்டிய வெளிறிய மரமோ பிளைவுட்டோதான். மறைக்கத்தான் அடித்திருக்கிறார்கள்.

அக்கூஸ்டிக் கிட்டாரின் மேற்பலகை வேறு சாதி. அது 3 மி.மீ. அளவே தடிமன், அதன் அதிர்வே ஒலி. அதன் மேல் பட்டியும் பிரைமரும் இரண்டு கோட் நிறமும் ஏற்றினால் வாயில் துணி வைத்த மாதிரி ஆகிவிடும். ஹீட் கன் காட்டினால் உள்ளே ஒட்டிய கட்டைகளே விட்டுக்கொள்ளும். மேற்பலகையை விட்டுவிடுங்கள். முதுகு, விலா, தலைப்பகுதி ஆகியவற்றில் ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாம்.

காரின் பெயிண்டைக் கிட்டாரில் அடிப்பது நம் ஊர்க் குறுக்குவழி என்று கூச்சப்பட வேண்டாம். அதைப் பிரபலமாக்கியவர்களில் ஒருவர் லியோ ஃபெண்டர். கலிபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்த மனிதர். கிட்டார் வாசிக்கத் தெரியாது. 1954-ல் ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டாரை வெளியிட்ட பிறகு வாடிக்கையாளர் கேட்ட சிறப்பு நிறங்களுக்கு அவருடைய நிறுவனம் டூபாண்ட் கம்பெனியின் டூக்கோ, லூசைட் கார் பெயிண்டுகளையே எடுத்துக்கொண்டது. இன்று பல லட்சத்துக்கு விலைபோகும் அந்தக் கால ‘லேக் பிளாசிட் புளூ’ ஒரு கேடிலாக் காரின் நிறம். நம் மரச்சாமான் கடைகளில் இன்றும் கேட்கிற ‘டூக்கோ பாலிஷ்’ அந்த டப்பாவின் பெயர்தான்.

அதே ஃபெண்டர் கழுத்தை ஒட்டாமல் நான்கு திருகால் முடுக்கினார். கழுத்தை மாற்றலாம், உடலை மாற்றலாம் என்று ஆனது அதனால்தான். 1970-களின் நடுவில் ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன், தரத்தேர்வில் தேறாத ஓர் உடலை 50 டாலருக்கும் கழுத்தை 80 டாலருக்கும் வாங்கி, தந்தி அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பை ஒரு கிப்சன் கிட்டாரிலிருந்து கழற்றி மெழுகில் முக்கிப் பொருத்தி, ஷ்வின் சைக்கிள் பெயிண்டை அடித்து, மாஸ்கிங் டேப் ஒட்டிக் கோடு போட்டார். ராக் இசையில் அதிகம் நகலெடுக்கப்பட்ட கிட்டார் எதுவென்று கேட்டால் பலரும் அதைத்தான் சொல்வார்கள். ஹெர்குலஸும் பி.எஸ்.ஏ.வும் செய்த அம்பத்தூர்க்காரர்கள் சைக்கிள் பெயிண்ட் என்றதும் சிரிக்கக்கூடாது.

நம் காற்றும் நம் வியர்வையும்

வெளிநாட்டு வீடியோக்கள் சொல்லாத ஒன்று வானிலை. செம்பரம்பாக்கம் ஏரி கூப்பிடு தூரத்தில். ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைச் சாதாரணமாகத் தாண்டும். அந்த நாளில் என்.சி. லேக்கர் அடித்தால், தின்னர் ஆவியாகும் வேகத்தில் பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து உள்ளே சிக்கிக்கொள்ளும். கறுப்புக் கிட்டார் வெள்ளை பூத்து நிற்கும். மெதுவாக உலரும் ரிடார்டர் தின்னர் கலந்தோ, காய்ந்த நாளில் தின்னரை மட்டும் மெல்லத் தூவியோ அதைப் போக்க முடியும் என்றாலும், மழை நாளில் அடிக்காமலிருப்பதே உத்தமம். கத்திரி வெயிலில் நேர் எதிர்த் தொல்லை: துளிகள் பரப்பைத் தொடுமுன்பே பாதி காய்ந்து ஆரஞ்சுத் தோல்போல் புள்ளி புள்ளியாக உட்காரும். எனக்குத் தெரிந்து தை கடைசியிலிருந்து பங்குனி வரை, காலை பத்து மணிக்கு மேல், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல்தான் இங்கே சரியான ஸ்ப்ரே பூத். பக்கத்து மாடியில் துணி காய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தெருச்சண்டைக்கு ஸ்ப்ரே கேன் ஒன்று போதும்.

ஸ்ப்ரே கேனில் வரும் அக்ரிலிக், தொடக்கக்காரருக்குப் போதும். மெல்லிய கோட்களாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. கடைசிக் கோட்டுக்குப் பிறகு தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், நகத்தால் அழுத்தினால் பதியும். குறைந்தது இரண்டு மூன்று வாரம் தொங்கவிட்டால்தான் இறுகும். பிறகு 1000, 1500, 2000 எண் வாட்டர் பேப்பர்களால் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, காருக்குப் போடும் ரப்பிங் காம்பவுண்டால் பளபளப்பாக்க வேண்டும். ஓரங்களில் பூச்சு மெல்லிசாக இருக்கும். இரண்டு இழுப்பு அதிகமானால் அடியில் இருக்கும் நிறம் எட்டிப் பார்க்கும்.

பட்டறைகளில் ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே பி.யூ. பெயிண்ட் கெட்டியானது, பளபளப்பில் அதை மிஞ்ச ஒன்றுமில்லை. அதற்காகவே வீட்டில் அடித்துப் பார்க்க ஆசை வரும். வேண்டாம். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அந்தப் புகை நுரையீரலை ஒருமுறை உறுத்திவிட்டால் ஆஸ்துமா வாழ்நாள் சொந்தமாகிவிடலாம். கொரோனா காலத்து மாஸ்க் அதைத் தடுக்காது. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு நாள் முழுக்க இதை அடிக்கும் பெயிண்டர்களுக்கு முறையான முகமூடி வாங்கித்தர எந்த முதலாளிக்கும் தோன்றுவதில்லை என்பது கிட்டாரைவிடப் பெரிய விஷயம். இன்னொரு கட்டுரைக்கு உரியது.

ஸ்ப்ரேயே வேண்டாம் என்பவர்களுக்கு நாமே உலகத்துக்குக் கொடுத்த சரக்கு இருக்கிறது: அரக்கு. ஜார்க்கண்ட் காட்டு மரங்களில் பூச்சி சுரக்கும் பிசினை எடுத்துச் செதிலாக்கி, ஸ்பிரிட்டில் கரைத்தால் பிரெஞ்சு பாலிஷ். ஸ்பெயின் நாட்டு கிளாசிக்கல் கிட்டார்களுக்கு நூற்றாண்டுக் கணக்காக அதுதான் பூச்சு. துணி உருண்டையால் வட்டம் வட்டமாகத் தேய்த்து ஏற்ற வேண்டும். பழைய கதவு, நாற்காலிக்கு பாலிஷ் போடுகிறவர் யாரேனும் பக்கத்தில் இருந்தால் ஒரு நாளில் கைப்பக்குவம் சொல்லித்தருவார். இதற்கும் நம் ஊரில் ஒரு வில்லன் உண்டு. சித்திரை மாதத்து முழங்கை வியர்வை பட்ட இடத்தில் அரக்கு மங்கிப் பிசுபிசுக்கும். முதுகுக்கும் விலாவுக்கும் சரி. கை படும் கழுத்துக்குத் தூரிகையால் பூசும் ஒற்றை டப்பா பி.யூ. வார்னிஷ் மேல்.

ஆளிவிதை எண்ணெய் தேய்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். இது கட்டுக்கதை கிடையாது. எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது வெளிவிடும் வெப்பம் சுருட்டிய துணிக்குள் சேர்ந்துகொள்கிறது. துணியை விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். ஃப்ரெட் பலகைக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அது என்றைக்கும் இறுகாது. தூசியைச் சேர்த்துக்கொண்டு சிக்கு வாடை அடிக்கும். அந்தப் பலகையைத்தான் கடையில் ‘ரோஸ்வுட்’ என்று சொல்லி விற்றிருப்பார்கள். பெரும்பாலும் அது சாயம் ஏற்றிய வேறு மரம். பிரேசில் தன் ரோஸ்வுட் கட்டைகளின் ஏற்றுமதியை 1960-களின் இறுதியில் நிறுத்தியதிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி, அதாவது இந்திய ரோஸ்வுட், அமெரிக்கக் கிட்டார்களின் முதுகாகவும் விலாவாகவும் போய்க்கொண்டிருக்கிறது. அந்த மரம் வளரும் நாட்டில் விற்கும் மலிவுக் கிட்டாருக்கு அது கட்டுப்படியாகாது.

மின்சாரப் பக்கம்

எலெக்ட்ரிக் கிட்டாரின் உட்புறம் பார்க்கப் பயமுறுத்தும், செய்யச் சுலபம். ஒலியளவையும் தொனியையும் திருகும் இரண்டு மூன்று பாட்கள், ஒரு சுவிட்ச், ஒரு கெப்பாசிட்டர். ஒற்றைச் சுருள் (சிங்கிள் காயில்) பிக்கப்புக்கு 250 கிலோ ஓம் பாட், இரட்டைச் சுருள் ஹம்பக்கருக்கு 500. எல்லாம் சென்னை ரிச்சி தெரு மின்னணுக் கடைகளில் கிடைக்கும். கையைத் தந்தியிலிருந்து எடுத்ததும் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் ஏறினால், குழியின் உள்ளே செம்புத் தகடு டேப் ஒட்டி அதைக் கிரவுண்டில் சேர்த்தால் நிறையக் குறையும். வேலை தொடங்குமுன் வீட்டு பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை விட்டுப் பார்த்துவிடுங்கள். உங்கள் விரல் தொடும் ஆறு தந்தியும் கம்பி வழியாக ஆம்ப்ளிஃபயரோடு இணைந்தவை.

இணையத்தில் உதிரிபாகம் வாங்குகிறவர்கள் அளந்துவிட்டு வாங்கட்டும். மலிவு ஸ்ட்ராடோகாஸ்டர் நகல்களின் உடல் அசலைவிட மெல்லிசு. அசல் அளவு பிரிட்ஜைப் போட்டால் அதன் இரும்புக் கட்டை முதுகைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

கூட்டிக் கழித்து

இதெல்லாம் விளையாட்டுப் பிள்ளைகளின் வேலை, தெரிந்தவர்கள் கருவியில் கை வைக்கமாட்டார்கள் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு பெயர் போதும். லண்டன் புறநகரில் பிரையன் மே என்ற பள்ளிப் பையன் 1963-ல் தொடங்கி, தன் அப்பாவோடு சேர்ந்து, பழைய கணப்படுப்பின் மரச்சட்டத்தில் கழுத்துச் செதுக்கி, மோட்டார் சைக்கிள் வால்வ் ஸ்பிரிங்கைப் பாலத்துக்குப் போட்டு ஒரு கிட்டார் செய்தான். பின்னாளில் அவன் வாசித்த குவீன் ராக் குழுவின் பாடல்களில் கேட்பது அதுதான். இரண்டாவது பெயருக்குரியவர் நம் ஊரிலேயே வாழ்ந்தவர். மாண்டலின் ஜோடி ஜோடியாக எட்டுத் தந்தி கட்டிய வாத்தியம். கமகத்துக்குத் தந்தியை இழுத்தால் ஜோடியின் இரண்டும் ஒன்றுபோல் வராது, ஒலியும் நீளாது. பாலக்கொல்லுவில் பிறந்து சென்னைக்கு வந்த யு. ஸ்ரீநிவாஸ் ஜோடிகளை நீக்கி ஐந்து ஒற்றைத் தந்திகளாக்கி, மின்சார மாண்டலினை எடுத்துக்கொண்டார். கச்சேரி மேடையில் இடம் கேட்டபோது புருவம் உயர்த்திய சபாக்கள் சில ஆண்டுகளில் அவர் தேதிக்குக் காத்திருந்தன. இருவருமே அலங்காரத்துக்காகக் கை வைக்கவில்லை. ஒருவருக்குக் கடைக் கிட்டார் வாங்க வசதி இல்லை; மற்றவருக்கு வேண்டிய ஒலி கடை மாண்டலினில் கிடைக்கவில்லை.

காசுக் கணக்கில் இந்தப் பொழுதுபோக்கு நஷ்டம்தான். 5,000 ரூபாய்க் கிட்டாரில் 2,000 ரூபாய் சாமானும் சில மாத ஞாயிறுகளும் செலவழித்தபின் விற்கப்போனால் யாரும் 3,000-க்கு மேல் கேட்கமாட்டார்கள்; நீங்களே பெயிண்ட் அடித்தது என்று தெரிந்தால் இன்னும் குறைப்பார்கள். செட்டப்புக்குத் தேவையான டிப் கிளீனர், வாட்டர் பேப்பர், ஆலன் கீ, சிறு அரம், புதுத் தந்தி செட்டு எல்லாம் ஆயிரத்துச் சொச்சத்தில் முடிந்துவிடும். மிச்சச் செலவு முழுவதும் பெயிண்டுக்குத்தான். கணக்குப் பார்க்கிறவர்கள் அரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பிள்ளையின் கிட்டாரில் கை வைக்கத் தயங்கினால், பழக ஒரு பழைய கிட்டாரை 1,500, 2,000-க்கு வாங்குங்கள். காம்பவுண்டுக்கு ஒன்றாவது விற்பனைக்கு இருக்கும். பார்க்கப் போகும்போது ஒரு ஆலன் கீ செட்டும் இரும்பு ஸ்கேலும் எடுத்துக்கொள்ளுங்கள். கீறல், உரிந்த பெயிண்ட், துருப்பிடித்த தந்தி எதையும் பொருட்படுத்த வேண்டாம்; விலை குறைக்க மட்டும் சொல்லிக்காட்டுங்கள். ட்ரஸ் ராட் இரண்டு பக்கமும் திரும்புகிறதா என்று கால் சுற்றுக்குள் பாருங்கள். பாலத்தின் பின்விளிம்பில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். நுழைந்தால் பசை விட்டிருக்கிறது, அதை ஒட்டலாம், 500 ரூபாய் குறைத்துக் கேளுங்கள். கடைசியாக, கிட்டாரின் அடிப்பக்கத்தைக் கண்ணருகே வைத்துக் கழுத்து நெடுகத் தலைப்பக்கம் பாருங்கள். இரண்டு ஓரமும் ஒரே மட்டத்தில் போக வேண்டும். ஒன்று ஏறி ஒன்று இறங்கியிருந்தால் கழுத்து முறுக்கிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேற்கே பூந்தமல்லியிலும் வைத்தியம் இல்லை, கிழக்கே கோடம்பாக்கத்திலும் இல்லை. வீட்டுக்காரரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த காம்பவுண்டுக்குப் போங்கள்.